பத்திக்கு எட்டுக் காலி

மார்ச் 5

அறிக்கை எழுதிய அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். விசாரணைக்காகத் தாங்கள் தயாரித்த அறிக்கையின் நகல் முந்தாநாள் ஜீப்பில் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாம் பக்கத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். "பகல் ஷிப்டில் ஊழியர் நேரில் சுற்றிவந்து பதிய வேண்டிய அளவுகள் நான்கு ஆண்டுகளாகப் பதியப்படவில்லை." அடியில் தங்கள் கையெழுத்து. சின்ன வயதில் என் நோட்டையெல்லாம் பாழாக்கிப் போட்டுப் பழகிய அதே கையெழுத்து.

சரி, இந்தத் 'தாங்கள்' எல்லாம் எனக்கு வரவில்லை. உனக்கு என் மேல் கோபம் இருந்தால் நேரே வந்து நாலு அறை விட்டிருக்கலாமே. அப்பா போன அன்று நான் நாலு பேர் முன்னால் உன்னைப் பேசியது தப்புத்தான். அதற்காகப் பத்தொன்பது வருஷ வேலைக்கு உலை வைப்பார்களா?

நீரேற்று நிலையத்தில் மூன்றாம் பம்பின் குழாய் வெடித்து ஐந்து மாசம் ஆகிறது. ஓடிப்போய் வால்வை மூடப் பார்த்த என் ஷிப்டுக்காரனுக்கு, தாடி என்று கூப்பிடுவோமே, அவனுக்குக் கால் முறிந்தது. பழி யார் தலையில் விழும் என்று அப்போதே எனக்குத் தெரியும். தூக்கி இந்த மலைமேல் தொட்டிக்குக் காவல் போட்டார்கள். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு தொட்டி. போன் எடுக்காது. செவ்வாயும் வெள்ளியும் ஜீப் வரும், டிரைவர் "நல்லா இருக்கீங்களா?" என்பார், நான் "இருக்கேன்" என்பேன். வாரத்துக்கு என் பேச்சு அவ்வளவுதான்.

ஏப்ரல் 2 விசாரணை. உன் பன்னிரண்டாம் பக்கம் நின்றால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் போகட்டும், பட்டினியில் செத்துப்போக மாட்டேன். ஆனால் நான் ரவுண்ட்ஸ் போகாத ஆள் என்று எழுதிவிட்டாயே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்படிக்கு,
நாலு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த உன் அண்ணன்


மார்ச் 10

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழிவாங்க அறிக்கை எழுதும் அளவுக்கு எனக்கு நேரமும் இல்லை, புத்தியும் இல்லை.

ஏழாம் நிலையம் உன் நிலையம் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன். ஏனென்றால் அட்டவணையில் அதுதான் இருந்தது. உங்கள் நிலையத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு வரி வருகிறது. நாலு வருஷத்துக்கு இருபத்தொரு லட்சம் வரி. அகலத்தில், மேலிருந்து கீழே ஓடும் நூற்று நாற்பத்து மூன்று பத்தி, ஒவ்வொரு மீட்டருக்கும் சென்சாருக்கும் ஒன்று. அதையெல்லாம் கண்ணால் படிக்க முடியாது. சுருக்கம் கேட்டால் கம்ப்யூட்டர் கொடுக்கும்: எந்தப் பத்தியில் எத்தனை பதிவு, சராசரி என்ன, குறைந்தது எது, கூடியது எது. அந்தச் சுருக்கத்தில் ஊழியர் கையால் பதிந்த பத்தி ஒன்றுகூட இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியாது.

அப்பா விஷயத்தை நீயே எடுத்ததால் சொல்கிறேன். "வேலையையே கட்டிக்கிட்டு அழு, அப்பனை நான் பார்த்துக்கிட்டேன்" என்று நீ சொன்னபோது பக்கத்தில் சித்தி நின்றாள், அவள் மருமகள் நின்றாள், யாரென்றே தெரியாத நாலு பேர் நின்றார்கள். இந்த இரண்டு வருஷத்தில் என் வீட்டில் ஒரு தட்டுதான் கழுவப்படுகிறது என்று உனக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கள் காலை ஆபீசில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கிறது.

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். நீ நிஜமாகவே பதிந்தாயா? பதிந்திருந்தால் எப்படிப் பதிந்தாய் என்று விவரமாக எழுது.

தங்கை


மார்ச் 12

தங்கச்சிக்கு,

நிஜமாகவே பதிந்தாயா என்று கேட்கிறாய் பார், அதற்கு அந்த அறிக்கையே தேவலை. யாரோ எழுதிய மாதிரி இருந்தது. இது நீ கேட்பது.

பதிந்தேன் அம்மா, பதிந்தேன். காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரை மணிக்கு ஒரு ரவுண்டு. எட்டு ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் பதினோரு மீட்டர். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் அந்த மணிக்கு நேரே தட்டுவேன். நான் லீவு எழுதிக் கொடுத்தால் மாற்றாள் வந்து தட்டுவார். தாடி கண்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். திரைக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். சென்சார் நாலு புள்ளி இரண்டு என்றால் நாலு புள்ளி இரண்டு என்றுதான் காட்டும். ஊசி நடுங்கிக்கொண்டே நாலு புள்ளி இரண்டில் நிற்கிறதா, கல்லு மாதிரி நிற்கிறதா என்று போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதனால் நான் வெறும் எண்ணை எழுதிவிட்டு வருகிற ஆள் இல்லை. "4.2, ஊசி நடுங்குது." "61, கை வச்சா சுடுது." "3.8, ஆனா சத்தம் நல்லா இருக்கு." இப்படித்தான் எழுதுவேன். தாடி கிண்டல் பண்ணுவான்: "அண்ணே, மீட்டர் பாக்கச் சொன்னா ஜாதகம் எழுதுறீங்களே!"

இங்கே தொட்டியில் ஒரே ஒரு மீட்டர். அதையும் மணிக்கொரு தடவை போய்ப் பார்க்கிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. நேற்று அதனிடம் "என்னப்பா, ஏறவும் மாட்டேங்கிற, இறங்கவும் மாட்டேங்கிற" என்று பேசிக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடிப்பதற்குள் விசாரணை வந்துவிட்டால் நல்லது.

சாப்பிடு. ஒரு தட்டாக இருந்தாலும் ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா, அண்ணா,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நீ எழுதியதெல்லாம் இருக்கிறது. ஒன்றுவிடாமல் இருக்கிறது. தப்பு என்னுடையது.

உன் கடிதத்தில் 'ஜாதகம்' என்ற இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாங்கியது எண்களின் சுருக்கம். அதில் எண் மட்டும் இருக்கும் பத்திகள்தான் வரும். ஒரு கட்டத்தில் எண்ணோடு "நடுங்குது" என்று ஒரு வார்த்தை சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு எண் சுருக்கத்திலிருந்து விலக்கிவிடும். அதில் காணோம் என்றால் வேறு இடத்தில் தேட வேண்டுமா இல்லையா? தேடினேன். பத்திகளின் பட்டியலைக் கேட்டேன். நூறு பத்திக்கு மேல் போனால் அது பட்டியலே போடாது: "மொத்தம் 143, முதல் பத்தி இது, கடைசிப் பத்தி இது" என்று இரண்டு வரியில் முடித்துவிடும். அட்டவணையைத் திறந்து பார்த்தேன். திரையில் இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து, நடுவில் மூன்று புள்ளி. உன் பதினொன்றும் அறுபத்தொன்றிலிருந்து எழுபத்தொன்று வரை, அந்த மூன்று புள்ளிக்குள் உட்கார்ந்திருந்தன. இதே வேலையாகப் பதினோரு வருஷம் இருக்கிறேன். அந்தப் புள்ளிகளைத் தினமும் பார்க்கிறேன். அன்று அவசரம், தாண்டிப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் காட்டு என்று வெளிப்படையாகக் கேட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பெயரும் வந்தன, எத்தனை பதிவு என்ற எண்ணிக்கை வரவில்லை. வரிகள் இத்தனை லட்சம் இருந்தால் அதையும் எண்ணாமல் விட்டுவிடுமாம். எண்ணு என்று தனியாகக் கேட்டேன். எண்ணியது. பதினோரு பத்தியிலும் ஒரே எண்ணிக்கை: பதினோராயிரத்து அறுநூற்று எண்பது. ஆபீசில் உட்கார்ந்து அழுதேன். மேலாளர் வந்து, "இதை ஏன் முதல்லயே பாக்கலை?" என்றார். "சுருக்கத்தை நம்பிட்டேன் சார். எங்கண்ணனை நம்பலை" என்றேன்.

பிறகு நீ எழுதியதை உட்கார்ந்து படித்தேன். குழாய் வெடித்ததற்கு முந்தைய ஆறு நாள், மூன்றாம் பம்பின் பத்தியில், ஒவ்வொரு ரவுண்டிலும் "ஊசி நடுங்குது, ஆள் அனுப்பவும்" என்று இருக்கிறது. நாற்பத்தெட்டுத் தடவை. யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. இது ஒன்று போதும், உன்னை யாரும் தொட முடியாது.

திருத்திய அறிக்கையில் முழுச் சுருக்கத்தையும் வைக்கிறேன். மேலாளர் சம்மதித்துவிட்டார். சின்னச் சந்தேகம் ஒன்று: நாலு வருஷத்துக்கு நாளைக்கு எட்டு என்றால் பதினோராயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு வர வேண்டும். பத்திக்கு எட்டுக் காலி. கம்ப்யூட்டர் பழுதா?

உன் தங்கை


மார்ச் 19

தங்கச்சிக்கு,

நீ அழுதாய் என்று படித்ததும் எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயே, அது போதும். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

இனி நான் சொல்வதைக் கேள். அறிக்கையைத் திருத்த வேண்டாம். பழையதே இருக்கட்டும். விசாரணையில் திட்டுவார்கள், வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு அனுப்பினால் போகிறேன். உன் பேரும் கெடாது. ஆபீசில் தப்புப் பண்ணினேன் என்று எழுதிக் கொடுப்பதற்கெல்லாம் நீ ஏன் போகிறாய்?

அந்த எட்டைத் தோண்டாதே. கம்ப்யூட்டர் பழுது என்று வைத்துக்கொள். முழுக்கக் காட்டினால் அதையும் காட்ட வேண்டி வரும். காட்டினால் கேட்பார்கள். நாலு வருஷம் வேலை செய்யாத சோம்பேறி என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், துப்பிவிட்டுப் போய்விடுவார்கள். நாலு வருஷம் ஒழுங்காக இருந்தவன் ஒரு நாள் மட்டும் எங்கே போனான் என்றால் பதில் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்லப் பிடிக்கவில்லை.

தாடி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறானாம், டிரைவர் சொன்னார். அவன் இதுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கால் அவனுடையது. அன்று அங்கே போய் நின்றிருக்க வேண்டியது நான். ஊசி நடுங்குகிறது என்று நாற்பத்தெட்டுத் தடவை எழுதியவன் நான்தானே? எழுதிவிட்டுக் கிளம்பினேன் பார், அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் தகும்.

விட்டுவிடு அம்மா.

அண்ணன்


மார்ச் 24

அண்ணாவுக்கு,

விடவில்லை. மன்னித்துக்கொள்.

எட்டும் ஒரே நாள். அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. குழாய் வெடித்த நாள். லீவு எழுதவில்லை, மாற்றாள் இல்லை. காலை ஆறு மணிக் கட்டத்திலிருந்து கடைசி ரவுண்டு வரை பதினோரு பத்தியும் வெறுமை. பார்த்துக்கொண்டே இருந்தேன். மழைக்கால ஞாயிறு ஒன்று எனக்கு நினைவில் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டிலிருந்து மூன்று மாடி இறங்கிப்போய் எங்கள் குடியிருப்பு வாசல் காவலாளியிடம் பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். "எதுக்கும்மா அதெல்லாம் இப்ப?" என்று சலித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

உன் கையெழுத்து. "10.40, தங்கச்சியைப் பார்க்க. லிஃப்ட் சத்தம் சரியில்லை, எண்ணெய் போடவும்." அதே வரியில் வெளியே போன நேரம்: "11.25, வீட்டில் இல்லை."

நீ அங்கே வந்திருந்தாய் என்று யாரிடமும் சொல்லப் பிடிக்காமல்தான் நாலு வருஷச் சோம்பேறிப் பட்டத்தைச் சுமக்கத் தயாராக இருந்தாய், இல்லையா? தங்கை வீட்டுக்கு வந்தான், அவள் இல்லை, திரும்பிப் போனான், அதற்குள் ஒருவன் கால் போயிற்று. இதை மூன்று அதிகாரிகள் முன்னால் சொல்ல உனக்கு வாய் வராது. எனக்குத் தெரியும்.

இதற்கு மேல் எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பதிவேட்டின் நகலை அறிக்கையோடு இணைத்தால் போதும், நீ அன்று எங்கே இருந்தாய் என்பதற்கு அது சாட்சி. நீ எழுதியிருக்கிற 'வீட்டில் இல்லை' என்பதை அப்படியே விட்டுவிட்டால் நமக்குள் எல்லாம் சரியாகிவிடும். இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முழுசாகக் காட்டாமல் ஒரு தடவை உன்னைக் கெடுத்தது போதும்.

நான் வீட்டில் இருந்தேன்.

மணி அடித்ததும் கதவின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். தேய்த்த சட்டை போட்டிருந்தாய். கையில் துணிப்பை. முடி பாதி நரைத்துவிட்டிருந்தது. மூன்று தடவை அடித்தாய். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டாய். உன் இருமல் கேட்டது. நான் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், கடைசிவரை நின்றேன். நீ அப்பாவைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் படாரென்று திறந்து உன்னோடு சண்டை போட்டிருப்பேன். நான் வரவில்லைதானே? அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரத்தில் இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் மடியில் கம்ப்யூட்டர். உன் முகத்தைப் பார்த்து நிற்க என்னால் முடியவில்லை. நீ போன பிறகு படியில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

திருத்திய அறிக்கை இதோடு இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்று பத்தியும், எண்ணிக்கையோடு, ஆறு பக்கம். எட்டுக் காலிக்கு எதிரே காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். என்ன எழுதுவது என்பதை நீ முடிவு செய். இந்த அறிக்கையே வேண்டாம் என்றாலும் கிழித்துப் போடு. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. வெந்நீரும் ரொட்டியும். பேசுவதற்கு அந்த மீட்டர்தான் இருந்தது, அதனிடமும் பேசவில்லை.

முதலில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் ஆறு பக்கத்தையும் நடுவில் இருந்தவர் விரல் வைத்து வரிசையாகப் படித்தார். "ஊசி நடுங்குது, ஆள் அனுப்பவும்" வந்த இடத்தில் நிறுத்தி, "இது யாருக்குப் போச்சு?" என்று கேட்டார். நாலு வருஷக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பிறகு எட்டுக்கு வந்தார். காரணம் எழுதும் இடத்தில் நான் எழுதியிருந்தேன்: "சொல்லாமல் போனேன். என் தப்பு."

"எங்கே போனீங்க?" என்றார்.

"தங்கச்சி வீட்டுக்கு."

"பாத்தீங்களா?"

"இல்லைங்க. அது வீட்டுலதான் இருந்துச்சு. நான் பாக்கலை" என்றேன். அவர் பேனாவை மூடினார். வேலை போகவில்லை. சொல்லாமல் போனதற்கு இன்னும் ஒரு வருஷம் இந்த மலைதான். வெளியே வராந்தாவில் தாடி நின்றான். அவன் காலைத் தொட்டுவிட்டேன். "ஏண்ணே, விடுங்க, நல்ல கால் இன்னொண்ணு இருக்கு" என்றான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது நம் விஷயம். இவ்வளவு நாளும் நீ வீட்டில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாளோ, யாரோடு போனாளோ, சிரித்துப் பேச அவளுக்கு யாராவது இருக்கிறார்கள் போல என்று நினைத்து ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முக்கால் மணி நேரம் நான் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறேன், நீ உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். அடிப்பாவி. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. துணிப்பையில் அப்பாவின் கண்ணாடி இருந்தது, உனக்குக் கொடுக்கத்தான் எடுத்து வந்தேன்.

இந்தக் கடிதத்தில் உன்னை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். காகிதத்தில் சரியாகத் திட்ட வரவில்லை. நீ எதிரில் இருக்க வேண்டும். நீயும் திருப்பித் திட்ட வேண்டும். ஏழு வாரத்தில் இரண்டு தடவை வந்ததற்கும் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் உன்னைக் கூட்டத்தில் பேசியதற்கு நீயும் வைத்திருப்பாய். ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை இது.

செவ்வாய் ஜீப்பில் டிரைவர் பக்கத்து சீட் காலியாகத்தான் வரும். நாலைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. என்னை மாதிரி சொல்லாமல் கிளம்பி வந்துவிடாதே.

அண்ணன்